சிவந்த வால்வும் மெக்கரும்

சோமனூரில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன், கிட் வாங்கித் தன் கையாலேயே கட்டிய ஸ்டீரியோ வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிபயரை என் ரிப்பேர் கடைக்குக் கொண்டுவந்தார். சேனலுக்கு ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வு ஈஎல்84 ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக முன்னால் சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் சின்ன வால்வு ஈசிசி83 ஒன்று. எளிமையான சர்க்யூட், வயரிங் அத்தனை சுத்தம். போட்ட சில நிமிடத்தில் வலது பக்க ஈஎல்84-இன் உள்தகடு மட்டும் செக்கச்செவேலென்று சிவந்துவிடும்.

"புது வால்வு போட்டும் அதேதானுங்க தம்பி. தறி ஓடுற ஊரு, கரண்டு ஏறி இறங்குது, அதனாலயா இருக்குமா?"

கரண்டு காரணமென்றால் இரண்டு பக்கமும் சிவக்க வேண்டும். ஸ்டீரியோ செட்டில் இதுதான் பெரிய வசதி: நல்ல சேனலே நமக்கு அளவுகோல். இடது பக்கம் வால்வின் மொத்தக் கரண்டும் கடக்கும் 135 ஓம் கேதோடு ரெசிஸ்டரில் 7.3 வோல்ட், அதாவது 54 மில்லி ஆம்பியர். சரியான அளவு. வலது பக்கம் 11 வோல்ட், 80 மில்லி ஆம்பியருக்கு மேல். தகடு தாங்குவது 12 வாட். இந்தக் கரண்டில் 17 வாட் பக்கம் போயிருக்கும். சிவக்காமல் என்ன செய்யும்?

அடுத்து கிரிட், வால்வில் ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பி வலை; அதில் பிளஸ் ஏறினால் கரண்டும் ஏறும். அங்கே டிசி பூஜ்யமாக இருக்க வேண்டும், பிளஸ் 6 வோல்ட் இருந்தது. ஆஃப் செய்து, பில்டர் கண்டன்சர்கள் வடியும்வரை பொறுத்து, அந்த வால்வைக் கழற்றிவிட்டு, மறுபடி ஆன் செய்து அளந்தேன். (இந்தப் பொறுமை கட்டாயம் வேண்டும். உள்ளே 250 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும், ஆளையே கொல்லும்.) வால்வு இல்லாமலும் 6 வோல்ட் அப்படியே நின்றது. வால்வுக்குள் கோளாறு என்றால் கழற்றியதும் அது போயிருக்கும். ஆக, ஈசிசி83-இன் தகட்டிலிருந்து, டிசியைத் தடுத்துப் பாட்டு சிக்னலை மட்டும் விட வேண்டிய கப்ளிங் கண்டன்சர் வழியாகத்தான் கசிகிறது.

அந்தக் கண்டன்சர் கிட்டோடு வந்ததில்லை. பாட்டு இனிமையாக இருக்குமென்று, பழைய வால்வு ரேடியோவில் இருந்த காகித கண்டன்சரை ஆசையாகப் போட்டிருந்தார். காகிதம் வருஷக்கணக்கில் ஈரம் குடித்திருக்கும். ஒரு முனையைக் கழற்றி மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சில் வைத்தால் ஒன்றுமே காட்டவில்லை.

"நல்லாத்தானுங்களே இருக்குது?" என்றார்.

"மீட்டர் கொடுக்கிறது ரெண்டு மூணு வோல்ட்ண்ணா. செட்டுக்குள்ள இதுமேல 150 வோல்ட் நிக்குது."

சட்டென்று பிடித்துக்கொண்டார். "அட, மோட்டார்லயும் இதே கதைதானுங்க தம்பி! மீட்டர்ல சுத்தமாத் தெரியும், மெக்கர் வெச்சாத்தான் பாடிக்குக் கசியறது தெரியும்." அதிக வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் அந்த மெக்கரைப் பையிலிருந்தே எடுத்தார். 400 வோல்ட் கண்டன்சர் என்பதால் 250 வோல்ட் ரேஞ்சில் வைத்தோம். முள் 10 மெகா ஓம் பக்கத்தில் நின்றது. புது கண்டன்சருக்கு இன்பினிட்டியைத் தொட்டது.

கணக்கும் ஒத்துவந்தது. 470 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டரில் 6 வோல்ட் என்றால் கசிவு 13 மைக்ரோ ஆம்பியர்தான். இத்துணூண்டு கசிவு ஒரு வால்வையே தின்றுவிடுகிறது. நம் பக்கம் மோட்டார் வேலை பழகியவர்களுக்கு வால்வு செட் சீக்கிரம் கைவரும் என்று நான் நம்புவது இதனால்தான். இன்சுலேஷனை அது வேலை செய்யும் வோல்டேஜில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டு சேனலிலும் 630 வோல்ட் பாலிபுரொப்பிலீன் கண்டன்சர் போட்டோம். வலது பக்கக் கேதோடு 7.4 வோல்ட்டில் நின்றது. வீட்டில் டப்பா நிறைய இருக்கும் மற்ற காகித கண்டன்சர்களை அன்றைக்கு ராத்திரியே மெக்கரில் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு அண்ணன் கிளம்பினார்.