வீட்டுக்கும் ஒரு காப்பு

மார்கழி கடைசி நாள் மாலையில் எங்கள் கொங்கு நாட்டு வீடுகளின் கூரையில் செருகும் பூங்கொத்துக்குக் காப்பு என்று பெயர். வேப்பிலை, வெள்ளைப் பூளைப்பூ, மஞ்சள் ஆவாரம்பூ மூன்றும் கட்டாயம் இருக்கும். ஊருக்கு ஊர் மாவிலை, தும்பை, பிரண்டை என்று சில சேரும். சில ஆண்டுகளாகப் பொங்கல் நெருங்கினாலே கைபேசியில் ஒரு செய்தி வந்துவிடுகிறது: காப்பு என்பது முன்னோர்கள் வைத்த முதலுதவிப் பெட்டியாம், ஒவ்வொரு தழையும் ஒரு நோய்க்கு மருந்தாம். அந்தச் செடிகளுக்கு மருந்துக் குணம் உண்டுதான். சித்த மருத்துவத்தில் கல்லடைப்புக்குப் பூளை கொடுப்பது நெடுநாள் வழக்கம். ஆனால் காப்புக்கு அதுதான் காரணம் என்பதை என் மனம் ஏற்கவில்லை. மருந்துக்காகக் கட்டியிருந்தால் வீட்டில் ஒரு கொத்து போதுமே! கிணற்று மேட்டிலும் மாட்டுப் பட்டியிலும் ஏன் கட்ட வேண்டும்?

பெயரிலேயே விடை இருக்கிறது. கா என்றால் காத்தல். அதிலிருந்து வந்தது காப்பு. கையில் அணியும் வளைக்கும் அதுதான் பெயர். நூலைத் தொடங்கும்போது தெய்வத்தைத் துணைக்கு அழைத்துப் பாடுவது காப்புச் செய்யுள். பிள்ளைத்தமிழில் முதல் பருவமே காப்புப் பருவம். குழந்தையைக் காக்கும்படி தெய்வங்களை வேண்டிக்கொண்ட பிறகுதான் புலவர் மற்றப் பருவங்களைப் பாடுவார். மாரியம்மன் நோம்பித் திருவிழா வந்தால் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டுவதும் காப்புத்தான். காப்புக் கட்டியவர் நோம்பி முடியும்வரை விரதம் இருப்பார், வெளியூரில் இரவு தங்கமாட்டார். அதாவது, காப்புக் கட்டிக்கொண்டவரைத் தெய்வம் காக்கிறது. அவரும் ஒரு கட்டுக்குள் நிற்கிறார்.

பொங்கல் காப்பும் இதே குடும்பத்துச் சொல்தான். இங்கே காப்புக் கட்டிக்கொள்வது மனிதரின் கை இல்லை. வீடு, கிணறு, பட்டி, பயிர் நிற்கும் காடு.

என் அம்மாயி இதில் வரிசை தவறவே விடமாட்டார். முதலில் சோளக்காட்டின் வடகிழக்கு மூலை, பிறகு களம், கிணறு, மாட்டுப் பட்டி, எல்லாம் முடிந்த பிறகே வீட்டு வாசல். “காட்டுக்குக் கட்டாமல் வீட்டுக்குக் கட்டி என்ன பயன், கண்ணு?” என்பார். மானாவாரிச் சோளம் முற்றி அறுப்புக்கு நிற்கும் நாட்கள் அவை. விதைத்ததிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்ததைக் கடைசி வாரத்தில் குருவியும் எலியும் கொண்டுபோகலாம். காலம் தப்பி ஒரு மழை பெய்தால் கதிரில் பூசணம் பிடிக்கும். விளைச்சல் கண்ணுக்குத் தெரிகிறது, இன்னும் குதிருக்கு வரவில்லை. அந்த இடைவெளியில் கட்டுவதால்தான் அதற்குக் காப்பு என்ற பெயர் அத்தனை பொருத்தமாக இருக்கிறது.

கொத்தில் இருக்கும் பூளைப்பூவைப் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஊர்ப்பக்கம் பொங்கல்பூ, கூரைப்பூ என்றும் சொல்வார்கள். நூல்களில் சிறுபீளை, சிறுகண்பீளை. கண்ணோரம் வெள்ளையாகத் திரளும் பீளையைப் போல இருப்பதால் வந்த பெயராக இருக்கலாம். மதுரைப் பக்கம் போனால் இதே செடி கண்ணுப்பிள்ளை ஆகிவிடுகிறது. பீளையைப் பிள்ளையாக்கிக்கொண்ட அந்த வாய்களை எனக்கு மிகவும் பிடிக்கிறது. கும்பகோணத்திலிருந்து நீடாமங்கலம் போகும் வழியில் குருபகவானுக்குப் பெயர்பெற்ற ஆலங்குடியைத் தேவாரம் இரும்பூளை என்கிறது. அங்கே தலமரமே பூளைதான். கோயம்புத்தூர் பீளமேடும் ஒரு காலத்தில் பூளைச்செடி மண்டிக் கிடந்த பூளைமேடு என்றே உள்ளூர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள்.

சங்கப் பாட்டிலும் பூளை இருக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் ஒன்று அது. என்னை நிறுத்தி வைத்தது பெரும்பாணாற்றுப்படைதான். வானம் பார்த்த நிலத்து ஊரில் பாணர்களுக்குக் கிடைக்கும் வரகுச் சோற்றைச் சொல்லும் இடத்தில், ‘நெடுங்குரற் பூளைப் பூவின் அன்ன’ என்கிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். நீண்ட கொத்தாகப் பூக்கும் பூளையைப் போன்ற சோறு. கூடவே அவரைப் பருப்பும் உண்டு. வரகரிசியைக் குழையாமல் வடித்தவர்களுக்கு அந்த வெள்ளைச் சிறு பருக்கைகள் தெரியும். புன்செய்க்காரர்கள் தங்கள் சோற்றைப் பூளையாகப் பார்த்திருக்கிறார்கள் என்றால், அறுவடை வேளையில் அதே பூவைக் காட்டில் கட்டியதற்கும் அந்தப் பார்வை ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இதற்குச் சான்று காட்ட என்னால் முடியாது. ஆனால் வெள்ளைக் கொத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த வரி நினைவுக்கு வருகிறது.

இப்போது பூளைக்கட்டு சந்தையில் விலைக்கு வருகிறது. வேலியோரமும் தரிசும் மனைகளாகிவிட்ட ஊர்களில் வேறு வழியில்லை, வாங்கித்தான் கட்ட வேண்டும். நம் காட்டிலேயே பறிக்க முடிகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சந்தைக்குக் கொண்டுவருகிறவர்கள் பலர் செடியை வேரோடு பிடுங்கிவிடுகிறார்கள். நீங்கள் கொத்தை மட்டும் ஒடித்தெடுங்கள். பஞ்சு போன்ற அந்தப் பூவுக்குள்தான் விதையும் இருக்கிறது; வரப்பில் நாலைந்து செடிகளைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.