கத்தும் பேச்சாளரும் கம்ப்ரசரும்

பட்டிமன்றத்துக்கு மைக் செட் போடுகிறவனுக்குக் கம்ப்ரசர், அதாவது சத்தம் அளவு மீறும்போது தானாகவே அமுக்கும் கருவி, எதற்கு என்று எங்கள் பக்கத்தில் இன்னமும் கேட்கிறார்கள். அது பாட்டுக் கச்சேரிக்கு உரியது, பேச்சுக்கு ஃபேடர் (சத்தத்தைக் கையால் ஏற்றி இறக்கும் தள்ளுகுமிழ்) போதும் என்பது அவர்கள் கணக்கு. என்னைக் கேட்டால் பேச்சுக்குத்தான் அது முதலில் வேண்டும். பாடகர் மேல்ஸ்தாயிக்குப் போகப்போவது முன்பே தெரிந்துவிடும். மைக்கைச் சற்றுத் தள்ளிப் பிடிக்கவும் அவருக்குத் தெரியும். பட்டிமன்றப் பேச்சாளர் அப்படி இல்லை. மாமியார் கதையைக் குசுகுசுவென்று சொல்லிக்கொண்டே வந்து, திடீரென்று "நடுவர் அவர்களே!" என்று மைக்குக்குள் கத்துவார். என் விரல் ஃபேடரை இறக்குவதற்குள் முன்வரிசைப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்கள்.

நான் வைத்திருப்பது பெரிங்கர் எக்ஸ்32. 2012இல் வந்த மிக்சர். ஒவ்வொரு சேனலிலும், அதாவது ஒவ்வொரு மைக்குக்கும் உரிய வழியிலும், கம்ப்ரசர் உள்ளேயே இருக்கிறது. அதன் த்ரெஷோல்டை மாற்ற மிக்சரின் மேல்பலகையிலேயே தனிக் குமிழ் உண்டு. பக்கத்தில் வியூ பொத்தானை அழுத்தினால் மற்றவை எல்லாம் திரையில் வரும்.

த்ரெஷோல்டு என்பது எந்த அளவுக்கு மேல் போனால் பிடிக்க வேண்டும் என்ற கோடு. ரேஷியோ, எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பது. கோடு மைனஸ் 20 டெசிபலிலும் ரேஷியோ 3இலும் இருக்கிறது, கத்தல் மைனஸ் 8க்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கோட்டைத் தாண்டியது 12. அதில் மூன்றில் ஒரு பங்கான 4 மட்டும் வெளியே வரும். மீதி 8 டெசிபல் அமுங்கிவிடும். பேச்சுக்கு அது தாராளம். சாதாரணமாகப் பேசும்போது அமுக்கத்தைக் காட்டும் விளக்கு எரியவே கூடாது. எப்போதும் எரிந்துகொண்டிருந்தால் கோடு மிகவும் கீழே இருக்கிறது என்று பொருள்.

இந்தக் கோட்டை நாசமாக்க எளிய வழி, நிகழ்ச்சி நடுவே சேனலின் உள்வரும் கெயினை (மைக் ஒலி மிக்சருக்குள் நுழையும்போதே அதைப் பெருக்கும் குமிழை) திருப்புவது. கம்ப்ரசர் அந்தக் கெயினுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே 6 டெசிபல் ஏற்றினால், கோட்டை 6 டெசிபல் இறக்கியதற்குச் சமம். சத்தம் போதவில்லையா, ஃபேடரைத் தொடுங்கள். உதவிக்கு வரும் பையன்களிடம் நான் அடித்துச் சொல்வது இது ஒன்றைத்தான்.

அட்டாக்கும் ரிலீசும்தான் உண்மையில் காதுக்கு வேலை வைப்பவை. அட்டாக், பிடிக்க எடுத்துக்கொள்ளும் நேரம். பேச்சுக்கு 10 மில்லி செகண்டு பக்கத்தில் வைப்பேன். மிருதங்கத்துக்கு அதே அளவை வைத்தால் விரல் விழும் முதல் அறை மழுங்கிவிடும். அங்கே 30க்கு மேல் போவேன். (தவிலுக்கும் கம்ப்ரசர் கேட்கிறார்கள். சின்ன மண்டபத்தில் தவிலுக்கு மைக்கே வேண்டாம், அதை யார் சொல்வது?) ரிலீஸ், பிடித்ததை விடும் நேரம். பேச்சாளர் கத்தி முடித்த கையோடு குரலைத் தாழ்த்தித்தான் நகைச்சுவையைப் போடுவார். ரிலீஸ் ஒரு செகண்டு இருந்தால் அந்தத் தாழ்ந்த சொல் அமுக்கத்திலேயே போய்விடும், கூட்டம் சிரிக்காது. 150 மில்லி செகண்டு எனக்கு ஒத்துவருகிறது. மிகவும் குறைத்தாலும் தொல்லைதான்: ஒவ்வொரு சொல்லின் இடைவெளியிலும் பின்னால் ஓடும் ஜெனரேட்டர் சத்தம் மேலே ஏறி ஏறி இறங்கும்.

"பெரியோர்களே" என்று தொடங்கும்போது அந்தப் பகரம் மைக்கில் 'தொப்' என்று விழும். காதுக்கு அது ஒரு நொடிதான். கம்ப்ரசருக்கோ அது பெரிய கத்தல், உடனே அமுக்கிவிடும். ஆகவே அடித்தொனியை வெட்டும் 'லோ கட்' வடிகட்டியை 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் போட்டுவிட்டுத்தான் கோட்டை வைக்கவே தொடங்க வேண்டும்.

கம்ப்ரசர் திரையில் இன்னொரு கெயின் இருக்கிறது. அமுக்கியதால் குறைந்த சத்தத்தை ஈடுகட்ட வைத்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் அது நல்ல பொருள். மேடையில் நான் அதைப் பூஜ்யத்திலேயே விட்டுவிடுவேன். அதை 6 டெசிபல் ஏற்றினால், பேச்சாளர் வாயை மூடியிருக்கும்போதும் மைக் 6 டெசிபல் அதிகமாகத் திறந்திருக்கும். பாக்ஸ் சத்தம் மைக்குக்குள் புகுந்து ஹவுலிங் என்கிற ஊளைச் சத்தம் வருவதற்கு அதுவே போதும். கம்ப்ரசர் போட்டாலே ஹவுலிங் வருகிறது என்று புலம்புகிறவர்களின் மிக்சரில் முதலில் இந்தக் குமிழைத்தான் பார்ப்பேன்.

பேச்சாளர் தன் குரலைக் கேட்பதற்காக மேடையில் வைக்கும் பாக்ஸான மானிட்டருக்குப் போகும் சத்தத்தைக் கம்ப்ரசருக்கு முன்னாலிருந்தே எடுத்துவிடுவேன். தன் குரல் தனக்கு ஏறிக் கேட்காவிட்டால் பேச்சாளர் இன்னும் பலமாகக் கத்துவார். கம்ப்ரசர் இன்னும் அமுக்கும். அவர் இன்னும் கத்துவார். "தம்பி, என் மைக்கை மட்டும் குறைக்கிறாயா?" என்று இறங்கி வந்து கேட்ட ஒரு பேராசிரியருக்கு மானிட்டரை இப்படி மாற்றிக் கொடுத்தேன். அடுத்த சுற்றில் அவர் பாதிக் குரலில்தான் பேசினார். அவர் அளவுகளைச் சேமித்து வைத்திருக்கிறேன். வேறு ஊரில் வேறு மைக் வரும்போது த்ரெஷோல்டை மட்டும் புதிதாக வைத்துக்கொள்கிறேன், மற்றவை அப்படியே பொருந்துகின்றன.