தூங்கவே பயமாக இருக்கும்போது

விபத்துக்குப் பிறகு நான் அதிகம் கேட்ட அறிவுரை, "ஒண்ணும் யோசிக்காம நல்லா ஒரு தூக்கம் போடு, எல்லாம் சரியாயிடும்" என்பதுதான். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், சரி. ஆனால் பி.டி.எஸ்.டி., அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு விடாமல் தொடர்கிற மனநலப் பாதிப்பு, இருக்கிறவருக்குத் தூக்கமே பயம். கண்ணை மூடினால் அது திரும்ப வரும். எனக்கு பிரேக் சத்தம், அடுத்து கண்ணாடி நொறுங்குகிற சத்தம். இன்னொருவருக்கு யாரோ ஒருவரின் குரல், ஏதோ ஒரு வாசனை.

அதனால் ராத்திரியானால் உடம்பு தூக்கத்துக்குக் கெஞ்சும், மனசு மட்டும் காவலுக்கு உட்கார்ந்துவிடும். தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்து படுத்தவர் மறுபடி எழுந்து போய்ப் பார்ப்பார். சுவரோடு ஒட்டி, கதவைப் பார்த்தபடிதான் படுப்பார். கட்டிலில் பொட்டுத் தூக்கம் வராதவர் டிவி ஓடிக்கொண்டிருந்தால் சோபாவில் கண்ணயர்வார், யாராவது அணைத்தால் உடனே விழித்துக்கொள்வார். கூட இருப்பவர்களுக்கு எரிச்சல் வருவது நியாயம்தான். அவர்களுக்கு ஒன்று மட்டும்: கனவில் கத்துகிறவரைத் தோளைப் பிடித்து உலுக்காதீர்கள், அரைத் தூக்கத்தில் கை வீசிவிடலாம். எட்ட நின்று பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், விளக்கைப் போடுங்கள். என்ன கனவு என்று அப்போதே கேட்க வேண்டாம்.

கனவுகள் அதிகம் வருகிற ரெம் உறக்கத்தில் மூளையில் நம்மை உஷார்படுத்துகிற நாரட்ரினலின் என்ற ரசாயனத்தின் சுரப்பு வழக்கமாக ஏறக்குறைய நின்றுவிடும், பி.டி.எஸ்.டி.யில் அது சரியாகத் தணிவதில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். நாரட்ரினலினின் வேலையைத் தடுக்கிற பிரசோசின் என்ற பழைய ரத்த அழுத்த மாத்திரையைக் கெட்ட கனவுக்குக் கொடுத்துப் பார்த்தது இந்தக் கணக்கில்தான். சிறிய ஆய்வுகளில் நன்றாகவே கேட்டது, ஆனால் 2018இல் வெளியான, அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் 304 பேரை வைத்து நடத்திய ஆய்வில் வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் தெரியவில்லை. இன்றும் சிலருக்குக் கொடுக்கிறார்கள்.

நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான்: அதிர்ச்சிக்கு சிகிச்சை முடிந்தால் தூக்கம் தானாக வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். பகலில் பழைய காட்சிகள் வருவது குறைந்த பிறகும் பலருக்குத் தூக்கமின்மை மட்டும் அப்படியே தங்கிவிடுகிறது. கட்டில் என்றாலே விழித்துக் கிடக்கிற இடம் என்று உடம்புக்குப் பழகிப்போயிருக்கும், அதைத் தனியாகத்தான் மாற்ற வேண்டும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு சிபிடி-ஐ என்ற பேச்சு சிகிச்சையை முதலில் கொடுங்கள் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016லேயே சொல்லிவிட்டது. தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து வேறு அறைக்குப் போவது, ராத்திரி எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுவது, கட்டிலில் இருக்கும் நேரத்தையே முதலில் குறைப்பது, இப்படிப் போகும். ஆரம்ப நாட்கள் கொடுமை, பகலெல்லாம் தலை கனக்கும், விட்டுவிடலாம் போலிருக்கும். சொல்லித்தர ஒருவர் கூட இருந்தால் தாக்குப்பிடிக்கலாம்.

கெட்ட கனவுக்கும் தனியாக ஒரு பயிற்சி உண்டு. பகலில் அந்தக் கனவை எழுதி, நமக்கு வேண்டியபடி மாற்றி, மாற்றிய கதையைத் தினமும் கொஞ்ச நேரம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் இது கெட்ட கனவுகளைக் குறைத்ததாக 2001இல் ஓர் ஆய்வு வெளியானது. என் கனவில் நான் லாரியை நிறுத்தப் பார்க்கவில்லை, ரோட்டையே எடுத்துவிட்டுப் பெரிய புல்வெளியாக்கி, லாரியை அதில் ஓரங்கட்டி, டிரைவரை இறக்கி நடக்கவிட்டேன். எழுதும்போது சிரிப்புதான் வந்தது. கனவு அடியோடு போய்விடவில்லை, ஆனால் வந்தாலும் முன்னைப்போல முழுசாக ஓடுவதில்லை, பாதியில் அறுந்துவிடுகிறது.

குடித்துவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு: முன்னிரவில் அடங்கிய கனவுகள் பின்னிரவில் சேர்த்துவைத்து வரும். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கிற அல்பிரசோலம், டயஸிபாம் வகை மாத்திரைகளையும் பி.டி.எஸ்.டி.க்கு வேண்டாம் என்றுதான் அமெரிக்க ராணுவ மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஏற்கெனவே எடுப்பவர்கள் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து, டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அப்புறம் குறட்டை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற ஸ்லீப் ஆப்னியா பி.டி.எஸ்.டி. இருப்பவர்களிடம் நிறையவே காணப்படுகிறது, அதற்கு மூச்சுப் பாதை அடைக்காமல் காற்றை அழுத்தி அனுப்புகிற சிபேப் மாஸ்க் போட்டதும் சிலருக்குக் கெட்ட கனவும் குறைகிறது. மனநல டாக்டரிடம் நாம் குறட்டையைப் பற்றிப் பேசுவதில்லை, அவரும் பெரும்பாலும் கேட்பதில்லை. அடுத்த முறை போகும்போது நீங்களே சொல்லிவிடுங்கள், முடிந்தால் பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.