சிமாயோ மண்

புனித வெள்ளி விடியற்காலை, இன்னும் இருட்டு பிரியவில்லை. நம்பே கிராமத்துப் பக்கம் காரை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தோம். ஏப்ரல் மாதம்தான், ஆனாலும் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மலைக்காற்று காதை அறுத்தது. சாலையோரம் நெடுகக் கைவிளக்குகள் அசைந்து அசைந்து போய்க்கொண்டிருந்தன. ஒருவர் ஆளுயரச் சிலுவையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார். இன்னொருவர் தூங்கும் குழந்தையை மார்போடு கட்டியிருந்தார். ஆல்புகர்க்கி நகரத்திலிருந்தே நாள் கணக்கில் நடந்து வருகிறவர்களும் உண்டு. சென்ற வருடம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அன்றே நேர்ந்துகொண்டேன், சிமாயோ ஊர்ச் சிற்றாலயத்துக்கு நடந்து வருகிறேன் என்று.

என்னுடன் வந்தவர் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள். அறுபதைத் தாண்டியவர், தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணிலேயே இருக்கிற ஸ்பானிஷ் குடும்பம். வழி முழுக்க ஸ்பானிஷில் செபமாலை சொல்லிக்கொண்டே வந்தார். அருள்நிறை மந்திரத்தை நான் தமிழில் சொன்னேன். இரண்டும் ஒரே இடத்தில் முடிந்தன.

வெளிச்சம் வந்த பிறகு சாலையோரத்தில் மேசை போட்டு, முன்பின் தெரியாத ஊர்க்காரர்கள் தண்ணீரும் ஆரஞ்சுச் சுளையும் நீட்டினார்கள். ஒருசந்தி நோன்பு என்பதால் தண்ணீர் மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அமெரிக்க வரலாறு என்றால் பாஸ்டன், பிலடெல்பியா என்று கிழக்குக் கரையிலேயே நம் நினைப்பு நின்றுவிடுகிறது. இந்தச் சிற்றாலயத்தின் கதை வேறு. இதைக் கட்டி முடித்தது 1816-இல். அப்போது இது ஸ்பெயின் அரசரின் பூமி. 1821-இல் மெக்சிகோவுக்குப் போனது, 1848-இல் அமெரிக்காவுக்கு. நியூ மெக்சிகோ ஒரு மாநிலமானதே 1912-இல்தான். கொடி மாறிக்கொண்டே இருந்தது. இந்தப் பள்ளத்தாக்கின் ஜனங்கள் அதே வாசலில் முழந்தாளிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கட்டியவர் குருவானவரோ ஆயரோ அல்ல. பெர்னார்தோ அபெய்தா என்ற உள்ளூர்க் குடும்பஸ்தர். ஒரு புனித வெள்ளி இரவில் ஆற்றங்கரையில் தரையிலிருந்து வெளிச்சம் கிளம்புவதைப் பார்த்தாராம். கையாலேயே தோண்டியபோது சிலுவையில் இயேசு தொங்கும் பாடுபட்ட சுரூபம் கிடைத்ததாம். பக்கத்து ஊரான சாந்தா குரூஸ் கோயிலுக்கு மூன்று முறை பவனியாகக் கொண்டுபோனார்கள். மூன்று முறையும் அது அதே குழிக்குத் திரும்பிவிட்டது என்பது ஊர் வழக்கு. சுரூபத்துக்குப் பெயர் எஸ்கிபூலாஸ் ஆண்டவர். குவாத்தமாலாவில் உள்ள எஸ்கிபூலாஸ் என்ற ஊரின் பெயர். அங்கேயும் மண்ணுக்குக் குணமாக்கும் சக்தி உண்டென்று நம்புகிறார்கள். அபெய்தாவுக்கு முன்பே தேவா என்ற இனப் பூர்வகுடிகள் இந்த இடத்தைக் குணமளிக்கும் தலமாகப் போற்றி வந்திருக்கிறார்கள்.

கோயில் மிகச் சிறியது. வைக்கோல் கலந்த சுடாத மண்கல் சுவர், இரண்டு மணிக்கூண்டு, முன்னால் மண்சுவர் சூழ்ந்த முற்றம். உள்ளே உள்ளூர்க் கைவினைஞர்கள் தீட்டிய பீடப்பலகைகள். நடுவில் பச்சை வர்ணச் சிலுவையில் ஆண்டவர். நூறு வருடத்துக்கு மேல் குடும்பச் சொத்தாகவே இருந்த கோயில் இது. வறுமையில் சுரூபங்கள் விலைக்குப் போகும் நிலை வந்தபோது, 1929-இல் சாந்தா ஃபே கலை ஆர்வலர்கள் பெயர் சொல்லாத ஒரு கொடையாளரிடம் 6,000 டாலர் பெற்று வாங்கி, உயர் மறைமாவட்டத்திடம் ஒப்படைத்தார்கள். அந்தப் பெயர் தெரியாத மனிதருக்காகவும் ஒரு செபம் சொன்னேன்.

பீடத்துக்கு இடப்பக்கம் குனிந்துதான் போக வேண்டிய வாசல். சின்ன அறை. தரையில் ஒரு வட்டக் குழி, அதில் மணல் நிறத்தில் மண், ஒரு சிறு கரண்டி. மண்டியிட்டு அள்ளினேன். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே விரலை விட்டால் ஜில்லென்றிருந்தது. கொண்டுபோன பாலிதீன் பையில் ஒரு பிடி போட்டுக்கொண்டேன். பக்கத்து அறைச் சுவரோரம் ஊன்றுகோல்கள் வரிசையாக நிற்கின்றன. கைப்பிடித் துணி வியர்வையில் கறுத்துப்போன ஒன்றைப் பார்த்ததும் அம்மா ஞாபகம் வந்து அழுதுவிட்டேன்.

இந்தக் குழியை அருகிலுள்ள மலை மண்ணைக் கொண்டுவந்துதான் நிரப்புகிறார்கள். கோயிலார் அதை மறைப்பதேயில்லை. கேள்விப்பட்டதும் எனக்கு மனம் சற்றுத் துணுக்குற்றது. அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மலையும் அவருடையதுதானே மகளே, குழியும் அவருடையதுதானே" என்றார்.

முற்றத்தில் உட்கார்ந்தபோது தன் பெரியப்பாவைப் பற்றிச் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸுக்குப் போன நியூ மெக்சிகோ பீரங்கிப் படையில் 1,800 பேருக்கு மேல். 1942-இல் அங்கே பதான் தீபகற்பம் ஜப்பானியரிடம் சரணடைந்தபோது சிறைப்பட்டு, கொடிய அந்த நடைப் பயணத்திலும் முகாம்களிலும் செத்தவர்கள் ஏராளம். ஏறக்குறையப் பாதிப்பேர்தான் திரும்பினார்கள். உயிர் மீண்டவர்கள் 1946-இல் நன்றி செலுத்த இந்தக் கோயிலுக்கு நடந்து வந்தார்கள். புனித வாரத்தில் ஆயிரக்கணக்கானோர் நடப்பது அதிலிருந்துதான் பெருகியது. அவருடைய பெரியப்பா திரும்பவில்லை. "அவர் நடக்க வேண்டிய நடையை எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் வருடாவருடம் நடந்துவிடுகிறோம்" என்றார்.

வீடு வந்து சேர இரவு ஆகிவிட்டது. அம்மா தூங்காமல் காத்திருந்தார். கட்டிலில் உட்கார்ந்து மண்ணைக் கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டி, அவருடைய இடது முழங்காலை நோக்கிக் கையைக் கொண்டுபோனேன். "இரு" என்றார். நல்ல கையால் ஒரு சிட்டிகை எடுத்தார். கொப்பளம் போட்டிருந்த என் பாதத்தை மடியில் இழுத்து வைத்து, ஏதோ முணுமுணுத்தபடி முதலில் எனக்குத் தேய்த்துவிட்டார்.