மஞ்சள் எஞ்சினும் அப்பாவின் டவராவும்

டிசம்பர் 2

தம்பி அனுப்பிய பிறந்தநாள் பரிசு வந்தது. ஜிக்சா, துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் புதிர். பெட்டியின் மேல் 1829-ஆம் ஆண்டின் ‘ராக்கெட்’ என்ற நீராவி ரயில் எஞ்சின்: மஞ்சள் உடம்பு, வெள்ளைப் புகைபோக்கி. அப்பா பெட்டியைக் குலுக்கிப் பார்த்தார். “எஞ்சினைக் கழற்றி அனுப்பியிருக்கிறான். நாற்பது வருஷம் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் மாட்டியது போதாதா?” என்றார். ஆனால் மூக்குக்கண்ணாடியைத் தேடப் போய்விட்டார். பொங்கலுக்குள் சாப்பாட்டு மேஜை காலியாக வேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை.

டிசம்பர் 3

விடாத மழை. ஓரத் துண்டுகளை மட்டும் பொறுக்கினோம். மேல் வரிசையில் 38, பக்கவாட்டில் 27. பெருக்கினால் 1,026. பெட்டியில் போட்டிருப்பதோ 1,000. கடைக்காரர் கொசுறு கொடுத்ததைப் போல அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

டிசம்பர் 5

நான் நிறம் பார்த்துப் பிரிக்கிறேன். அப்பா உறுப்பு பார்த்துப் பிரிக்கிறார்: சக்கரத்துக்கு ஒரு தட்டு, பாய்லருக்கு ஒரு முறம், சிலிண்டருக்குத் தன் காபி டவரா. பெட்டிப் படத்தைப் பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். பழுப்பு வரி வரியாக இருந்த துண்டுகளை நான் வேலி என்று நினைத்து ஒதுக்கியிருந்தேன். அது பின்வண்டியில் தண்ணீர் நிரப்பிய மரப்பீப்பாயாம். “பீப்பாயை வைத்துக்கொண்டு ரயில் ஓட்டியிருக்கிறான் பார்!” மதியம் முழுக்க அதையே சொல்லிச் சிரித்தார்.

டிசம்பர் 6

கரண்ட் இல்லை.

டிசம்பர் 8

இன்று சண்டை. டவராவில் இருந்த ஆறு துண்டுகளையும் தனியே பொருத்தி, செய்தித்தாளில் ஏந்தி, புகைபோக்கிக்குக் கீழே இறக்கினார் அப்பா. பொருந்தவில்லை. திருப்பினார், அழுத்தினார், கட்டைவிரலால் தட்டினார். “வெட்டியவனுக்கு வேலை தெரியவில்லை” என்று தீர்ப்பு வேறு.

நான் செய்தித்தாளை மெதுவாக இழுத்து, பின்கோடியில் ஓட்டுநர் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ‘டக்’கென்று உட்கார்ந்தது.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கை பட்ட எஞ்சின்களில் சிலிண்டர் முன்னால், புகைப்பெட்டிக்குக் கீழே இருக்கும். ராக்கெட்டில் அது பின்னால், நெருப்புப் பெட்டியின் பக்கம். அங்கிருந்து சாய்வாகக் கீழிறங்கும் தண்டு முன்னாலுள்ள பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறது. இந்த ஆறு துண்டுகளுக்காக மூன்று நாள் டவராவில் காபி ஆற்றாமல் இருந்திருக்கிறார் மனிதர்.

டிசம்பர் 9

தோற்றவர் காலையிலேயே குறை கண்டுபிடித்துவிட்டார். “இப்படிச் சாய்த்து வைத்தால் ஒவ்வொரு தள்ளுக்கும் வண்டி குதிக்குமே!” ராக்கெட்டைப் பற்றித் தேடிப் படித்தேன். அவர் சொன்னது சரி. சில ஆண்டுகளுக்குள் சிலிண்டரைக் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டுக்கு இறக்கிவிட்டார்கள். இங்கிலாந்தில் பாதுகாத்து வைத்திருக்கும் அசல் ராக்கெட்டும் அப்படித்தான் நிற்கிறது, மஞ்சள் எல்லாம் போய்க் கறுத்து. படித்துக் காட்டியதும் இன்னொரு இட்லி கேட்டார்.

பாய்லர் விஷயத்தில் மட்டும் ராக்கெட்டைச் செய்த ஸ்டீவன்சன்களுக்கு, அப்பாவுக்கும் மகனுக்கும், முழு மதிப்பெண். ஒரே பெரிய குழாய்க்குப் பதில் 25 செப்புக் குழாய்கள் வழியே சூட்டை அனுப்பியதால் தண்ணீர் சீக்கிரம் கொதித்தது. வேலை முடித்த நீராவியைப் புகைபோக்கியில் விட, அது நெருப்புக்குக் காற்றை இழுத்தது. “கடைசி நீராவி எஞ்சின் வரைக்கும் இதுதானே” என்றார். 1829 அக்டோபரில் இங்கிலாந்தின் ரெயின்ஹில்லில் நடந்த ரயில் எஞ்சின் போட்டியில் 500 பவுண்டு பரிசை ராக்கெட் வென்றதைவிட, அங்கே குதிரையை நடக்கவைத்து ஓட்டும் வண்டி ஒன்றும் போட்டியிட்டது என்பதுதான் அவருக்குப் பிடித்திருந்தது.

நம் ஊரும் ரொம்பப் பின்தங்கிவிடவில்லை. 1837-லேயே செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் கல் கொண்டுவர இருப்புப்பாதை போட்டிருந்தார்கள். ராயபுரத்தில் பயணிகள் ரயில் புறப்பட்டது 1856-ல்.

டிசம்பர் 12

ஈரக்காற்றில் அட்டை உப்பிவிட்டது. எடுத்தால் இரண்டாகச் சேர்ந்து வருகிறது. எஞ்சின் முடிந்தது. மிச்சமெல்லாம் வானம். எந்த நீலத் துண்டும் எந்த நீலத் துண்டோடும் பொருந்துவது போல நடிக்கிறது. நான்கைந்து வைத்த பிறகுதான் தப்பு தெரிகிறது. அப்பா எழுந்துவிட்டார். “ஆகாயத்தில் எனக்கென்ன வேலை? நான் ஃபிட்டர்.”

டிசம்பர் 14

இரவு பதினொன்றுக்குத் தண்ணீர் குடிக்க வந்தால் மேஜை விளக்கு எரிகிறது. அம்மா. அரிசியில் கல் பொறுக்குவது போல நீலத் துண்டுகளை முறத்தில் பரப்பி, நிறத்தைப் பார்க்காமல் மூக்கையும் குழியையும் விரலால் தடவித் தடவி வைத்துக்கொண்டிருந்தார். இடது மூலை முழுக்க நிரம்பியிருந்தது.

டிசம்பர் 15

“பொங்கலுக்குத் தரையிலேயே இலை போட்டுக்கொள்ளலாம்” என்கிறார் அம்மா.