பழைய ஜிப்ஸியை மீட்பது: பெயின்ட் கடைசி வேலை

மரத்தடியில் வருஷக்கணக்கில் நின்ற மாருதி ஜிப்ஸி ஒன்று கைக்கு வந்ததும் பலர் செய்கிற முதல் காரியம், புது டயர் போட்டுப் பெயின்ட் அடிப்பது. பார்க்க வண்டி ஜம்மென்று ஆகிவிடும். ஆறே மாதத்தில் பட்டிக்கு (பள்ளத்தை நிரப்பும் பூச்சுக்கு) அடியிலிருந்து துரு கொப்பளிக்கும், 60 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் உதறும், முன் வீலில் எண்ணெய் வழியும். அதற்குள் பணம் தீர்ந்திருக்கும். ஜிப்ஸியில் என்ஜின்தான் சுலபமான பகுதி. வண்டியைக் கொல்வது சேஸில் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில்) இருக்கும் துருவும் முன் ஆக்ஸிலில் (வீல் அச்சில்) இருக்கும் ஆட்டமும்தான். காசை முதலில் அங்கே கொட்ட வேண்டும்.

இங்கே சொல்வது பெரும்பாலும் 1,298 சிசி என்ஜின் உள்ள எம்ஜி413டபிள்யூ மாடல் பற்றியது. 1985 டிசம்பரில் வந்த முதல் ஜிப்ஸி 970 சிசி, நாலு கியர். 1996-ல் 1.3 லிட்டர் என்ஜினும் ஐந்து கியரும் வந்தன. 2000-த்தில் பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து பீய்ச்சும் 16 வால்வு எம்பிஎப்ஐ என்ஜின் வந்தது. எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றே: ஏணிச் சேஸ், நாலு மூலையிலும் பட்டை ஸ்பிரிங், கியர்பாக்ஸுக்குப் பின்னால் தனியாகத் தொங்கி, முன் பின் வீல்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸ்.

விலை பேசும் முன் சேஸைத் தட்டிப் பாருங்கள். சின்ன சுத்தியல் ஒன்றும் பழைய ஸ்குரூ டிரைவர் ஒன்றும் போதும். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், உள்ளே அரித்துப்போனது டொப்பென்று கேட்கும். சேஸ் பெட்டி வடிவம் என்பதால் துரு உள்ளிருந்துதான் கிளம்புகிறது. ஓட்டை வழியாகப் புகும் சேறு உள்ளேயே தங்கி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பின் ஸ்பிரிங்கைச் சேஸோடு இணைக்கும் ஷாக்கிள் மாட்டும் இடம், பாடி ரப்பர் உட்காரும் கைகள், பின் குறுக்குச் சட்டம் ஆகிய மூன்றும் முக்கியம். பிறகு டிரைவர் காலடி விரிப்பைத் தூக்கித் தரையைப் பாருங்கள். பின் வீல் ஆர்ச், கண்ணாடிச் சட்டத்தின் அடி விளிம்பு இரண்டையும் விடாதீர்கள். தரைத் தகடு போயிருந்தால் டிங்கரிங்கில் சரியாகிவிடும். சேஸில் ஸ்குரூ டிரைவர் உள்ளே இறங்கினால் விலையைப் பாதியாகக் குறைத்துப் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். சேஸ் நம்பர் பொறித்த இடம் துருவில் அழிந்திருந்தால் பேச்சே வேண்டாம். ஆர்டிஓவில் அந்த வண்டி நகராது.

சேஸுக்கு ஒட்டுப் போடுவதாக இருந்தால் 3 மில்லிமீட்டர் தகடும் சிஓ2 வெல்டிங்கும் வேண்டும். துருவின் மேல் தகட்டை வைத்து மூடக்கூடாது. அரித்த பகுதியைப் பளபளவென்று நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எறிய வேண்டும். ஒட்டுத் தகட்டைச் சதுரமாக வெட்டாமல் இரு முனையும் கூராக, சாய்சதுரமாக வெட்டுங்கள். சட்டத்தின் குறுக்கே நேர்கோட்டில் வெல்டு ஓடினால், சேஸ் முறுக்கும்போது அந்தக் கோட்டிலேயே பிளக்கும். பெட்ரோல் டாங்க் பின்னால் இருக்கிறது. அதை இறக்கி வெளியே வைத்துவிட்டுத்தான் வெல்டிங் டார்ச்சைத் தொட வேண்டும். எம்பிஎப்ஐ வண்டியில் பேட்டரி ஒயரையும் ஈசியூ (என்ஜின் கம்ப்யூட்டர்) சாக்கெட்டையும் கழற்றிவிடுங்கள். வேலை முடிந்ததும் சேஸின் வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, உள்ளே நீளக் குழாய் வைத்து மெழுகுப் பூச்சு அடியுங்கள். வெளியில் எத்தனை கோட் அடித்தாலும் உள்பக்கத்துக்கு அதுதான் காப்பு.

என்ஜினுக்கு வருவோம். நெடுநாள் நின்ற என்ஜினைச் சாவி போட்டுச் சுற்றக்கூடாது. பிளக் நாலையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் 5 முதல் 10 மில்லி என்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் மாட்டிக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது இறுகினால் பலம் கொடுக்காதீர்கள். லேசாகச் சுற்றினால், பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரில் பத்துப் பத்து விநாடியாக ஓட்டி ஆயில் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். டாங்கில் இருக்கும் பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறும். அதை முழுக்க இறக்கி, டாங்கைக் கழுவி, பில்டரையும் பம்ப் வாயில் இருக்கும் வலையையும் மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். டைமிங் பெல்ட் எப்போது போட்டது என்று தெரியாவிட்டால் டென்ஷனரோடும் வாட்டர் பம்ப்போடும் சேர்த்து மாற்றிவிடுங்கள். பிரிப்பது ஒரே வேலைதான்.

கம்ப்ரெஷன் பார்த்தால் என்ஜினின் நிலை தெரிந்துவிடும். சூடான என்ஜின், பிளக் நாலும் வெளியே, ஆக்ஸிலேட்டர் முழு மிதி. சென்டிமீட்டர் சதுரத்துக்கு 14 கிலோ அருகில் காட்டினால் அருமை. 12-க்குக் கீழே போனாலோ சிலிண்டருக்குச் சிலிண்டர் 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ உள்ளே வேலை இருக்கிறது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். இந்த என்ஜினில் பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் தண்ணீர்ப் பாதை அரித்து, பம்ப் இறகு கரைந்து, ரேடியேட்டர் உப்புப் படிந்து அடைத்துப் போயிருக்கும். அப்புறம் ஒரு தடவை சூடேறினால் போதும், ஹெட் வளைந்துவிடும். கூலன்ட்டையும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கோடையானாலும் அப்படித்தான், கூலன்ட் குளிருக்கு மட்டும் அல்ல, அரிப்பைத் தடுக்கவும்தான்.

இனி முன் ஆக்ஸில். அதிகப் பொறுமை கேட்பது இதுதான். முன் வீலுக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் ஹவுசிங் முனையில் பந்து மாதிரி ஓர் உருண்டை தெரியும். அதன் மேல் மெல்லிய கிரீஸ் படலம் மட்டும் இருந்தால் நல்லது. கருப்பாக, தண்ணியாக, எண்ணெய் வழிந்து டயரின் உள்பக்கம் வரை தெறித்திருந்தால், உள்ளே ஆக்ஸில் ஆயில் சீல் போய்விட்டது என்று அர்த்தம். ஹவுசிங்கில் இருக்கும் டிபரன்ஷியல் கியரின் ஆயில் அந்த சீலைத் தாண்டி, வீலோடு சேர்ந்து திரும்பும் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்துக் கஞ்சியாக்கிவிடும். அந்தக் கஞ்சியை வெளி ரப்பர் சீலால் பிடித்து நிறுத்த முடியாது. பலர் வெளி சீலை மட்டும் மாற்றுகிறார்கள், ஒரே மாதத்தில் மறுபடி வழிகிறது. மாற்ற வேண்டியது உள் சீல்.

வண்டியைத் தூக்கி ஹவுசிங்குக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். ஜாக்கியை நம்பி வேலை செய்யக்கூடாது. பிரேக் கேலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் தொங்க விடாதீர்கள். ஹப், ஸ்பிண்டில் வந்தபின் ஆக்ஸிலை அதன் ஜாயின்ட்டோடு (வீல் திரும்பினாலும் சுற்றவிடும் மூட்டோடு) உருவலாம். நக்கிள் திரும்பும் அச்சாணியான கிங்பின் மேல், கீழ் இரண்டையும் அவற்றின் ஷிம்மோடு (மெல்லிய தகட்டோடு) தனித்தனிக் கவரில் போட்டு எழுதி வையுங்கள். மாறிப்போனால் கணக்கே போச்சு. நக்கிளை எடுக்கும்போது கீழ் பேரிங் விழும், கையை அடியில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஜாயின்ட்டின் குண்டுகள் ஓடும் பள்ளத்தில் நகத்தால் தடவினால் குழி தட்டுப்படக்கூடாது. கூண்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் ஜாயின்ட்டை மாற்றுங்கள். உருண்டையின் மேல் துருக்குழி இருந்தால் புது சீலையும் அது அறுத்துவிடும். 400 நம்பர் எமரி போட்டுத் தேய்த்து, ஆழமான குழியை எபாக்ஸியால் நிரப்பி வழவழப்பாக்குங்கள்.

உள் சீலைச் சரியான அளவு சாக்கெட்டை வைத்து நேராகத் தட்டி இறக்க வேண்டும். அப்புறம் ஆக்ஸிலை நுழைக்கும்போதுதான் பலர் கோட்டை விடுவார்கள். ஆக்ஸிலின் பல் முனை சீல் உதட்டில் உரசிக்கொண்டே போனால் புது சீல் அங்கேயே கிழிந்துவிடும். ஒரு கையால் தூக்கிப் பிடித்து, உதட்டைத் தொடாமல் நடுவாக நுழையுங்கள். ஜாயின்ட்டுக்குள் மாலிப்டினம் கலந்த லித்தியம் கிரீஸை விரலால் அழுத்தி நிரப்புங்கள். நக்கிள் குழியை முழுக்க அடைக்காமல், சூட்டில் விரிய இடம் விடுங்கள்.

ஸ்டீயரிங் உதறலுக்கு மருந்தும் இதே இடத்தில்தான் இருக்கிறது. கிங்பின் பேரிங் தேய்ந்து தளர்ந்தால் நக்கிள் லூசாகும், வேகத்தில் ஒரு பள்ளம் பட்டதும் இரு வீலும் சேர்ந்து ஆடத் தொடங்கும். புது பேரிங் போட்டு, வெளி சீல் மாட்டும் முன், டை ராடு முனை மாட்டும் ஓட்டையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுங்கள். நக்கிள் நகரத் தொடங்கும்போது 1 முதல் 1.8 கிலோ காட்ட வேண்டும். குறைவாக இருந்தால் ஒரு ஷிம்மை எடுங்கள், கூடினால் ஒன்றைச் சேருங்கள். அதன் பிறகு டை ராடு எண்ட், வீல் பேரிங், ஸ்பிரிங் புஷ், வீல் பேலன்ஸ், டோ-இன் (முன் வீல்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) என்று வரிசையாகப் பாருங்கள். டோ-இன் 2 முதல் 6 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். ஸ்டீயரிங் டேம்பர் மாட்டினால் உதறல் மறையும், காரணம் மறையாது. ஸ்டீயரிங் பாக்ஸ் ஸ்குரூவை இறுக்குவது அதைவிட மோசம். திரும்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராமல் போகும்.

பட்டை ஸ்பிரிங்கில் சென்டர் போல்ட் உடைந்திருந்தால் ஆக்ஸில் ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். முன் வீல் நடுவிலிருந்து பின் வீல் நடுவுக்கு இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். ரப்பர் புஷ் மாற்றியவர்கள் செய்கிற பெரிய தப்பு, வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போதே போல்ட்டை முறுக்குவது. அப்போது ரப்பர் தொங்கும் நிலையில் பிடித்துக்கொள்ளும், கீழே இறக்கியதும் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். வண்டி நாலு காலில் நின்ற பிறகு கடைசி முறுக்கு. யூ போல்ட் புதிதாகப் போட்டால் 500 கிலோமீட்டரில் மறுபடி முறுக்க வேண்டும்.

ஆயில் கணக்கு: கியர்பாக்ஸ் சுமார் 1.3 லிட்டர், டிரான்ஸ்பர் கேஸ் 0.8, முன் டிபரன்ஷியல் 2, பின் டிபரன்ஷியல் 1.5. கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 தர ஆயில், டிபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 தர ஆயில். ஜிஎல்-5-ஐக் கியர்பாக்ஸில் ஊற்றினால் பித்தளை சிங்க்ரோ ரிங் பாதிக்கப்படலாம். எல்லாவற்றிலும் முதலில் ஊற்றும் போல்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் இறக்கும் போல்ட்டைத் தொட வேண்டும். மேல் போல்ட் துருவில் வராமல் போய், ஆயிலையும் இறக்கிவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். டிரான்ஸ்பர் கேஸ் மூன்று ரப்பர் மவுன்ட்டில் தொங்குகிறது. அவை தொய்ந்தால் அதிர்வு வரும், லீவர் தானாக நழுவும். கியர் போய்விட்டது என்று பிரிக்கும் முன் ரப்பரைப் பாருங்கள். சக்தியைக் கடத்தும் ஜாயின்ட் ஷாப்ட் மூன்றையும் கழற்றும் முன் இரு பக்கமும் பெயின்ட்டில் கோடு போட்டு, அதே கோட்டில் மாட்டுங்கள்.

பிரேக்கில் சிக்கனம் கூடாது. வீல் சிலிண்டர், கேலிப்பர் கிட், ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிது, பழைய பிரேக் ஆயில் முழுக்க வெளியே. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நின்ற வண்டியில் பிஸ்டன் துருப்பிடித்து இறுகுவது அதனால்தான். மின்சாரத்தில் முதலில் எர்த் பட்டைகளைச் சுரண்டி மாட்டுங்கள். எம்பிஎப்ஐ வண்டியில் சென்சார் கோளாறு என்று காட்டுவதில் பல அதிலேயே தீரும். உதிரி பாகத்துக்குப் புதிதென்றால் சென்னை ஜி.பி. ரோடு, பழையதென்றால் புதுப்பேட்டை. ஆனால் சீல், பேரிங், பிரேக் சாமான் மூன்றையும் பழையதாக வாங்காதீர்கள்.

இவ்வளவும் முடிந்து 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு பெயின்ட். எபாக்ஸி பிரைமர் போட்டு அதன் மேல் பட்டி, அதுவும் 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல். ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டியானாலும் ஆலிவ் பச்சை அடிக்கக்கூடாது. மத்திய மோட்டார் வாகன விதி 121 அந்த நிறத்தைப் பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கியிருக்கிறது. வேறு நிறமானால் ஆர்சியிலும் மாற்ற வேண்டும். டயர் 205/70 ஆர்15 போதும். பெரிய டயர் போட்டு, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, லோ கியரில் மிதித்தால் முன் ஜாயின்ட் உடையும். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் பாருங்கள்: 2318 என்றால் 2018-ன் 23-ஆவது வாரம்.

ஓட்டத் தொடங்கிய பிறகு மாதம் ஒரு முறை முன் வீலை ஆக்ஸிலோடு பூட்டும் ஹப்பை லாக் செய்து 15 கிலோமீட்டர் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் முன் டிபரன்ஷியலில் ஆயில் மேலே ஏறாமல் அதன் மேல் பாகங்கள் காய்ந்து துருப்பிடிக்கும். ஹப்பைப் பூட்டினால் போதும், தார் ரோட்டில் நாலு வீல் டிரைவைப் போடக்கூடாது. நடுவில் டிபரன்ஷியல் இல்லாததால் வளைவில் முன் பின் ஆக்ஸில்கள் ஒன்றையொன்று முறுக்கும். ஆற்றில் இறங்குகிற வண்டி என்றால் ஆக்ஸில் பிரீதரை (காற்றுப்போக்குக் குழாயை) கழற்றி ஊதிப் பாருங்கள், அங்கிருந்து ஒரு ஹோஸைப் பாடி உயரத்துக்கு ஏற்றுங்கள். சூடான ஹவுசிங் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, கிடைத்த வழியில் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். திரும்பி வந்ததும் டிபரன்ஷியல் போல்ட்டைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் அன்றைக்கே இறக்கி மாற்றிவிட வேண்டும்.