“ஆகுமுங்க” என்று சொன்ன அன்று

“ஏனுங்க, இதுல பல்லு வெண்கலமுங்களே, இந்த எண்ணெய் ஆகுமுங்களா?” என்று ஃபிட்டர் கேட்டார். “ஆகுமுங்கண்ணா, ரெண்டுக்கும் ஒரே நெம்பருதானுங்க” என்று நான் சொன்னேன். காங்கேயத்து அரிசி ஆலை ஒன்றில், நெல் உலர்த்தும் டிரையருக்கு அடியில் இருந்த வார்ம் கியர் பெட்டியின் முன் குனிந்து நின்றபடி நடந்த பேச்சு அவ்வளவுதான். திருகு போன்ற எஃகுத் தண்டு ஒன்று (அதுதான் வார்ம்) வெண்கலப் பல்சக்கரத்தைச் சுழற்றும் பெட்டி அது. எண்ணெய் விற்கும் தொழிலில் ஒரு நாளைக்குப் பத்து முறை சொல்லும் சொல்லாக இருந்தும், அந்த ஒரு “ஆகுமுங்க” மட்டும் என்னை விடவில்லை.

நான் சொன்ன நெம்பர் 460. நாற்பது டிகிரியில் எண்ணெயின் பாகுநிலை 414க்கும் 506க்கும் இடையில் இருந்தால் பேரலின் மேல் அந்த நெம்பரைப் போடலாம். எண்ணெய் எவ்வளவு கெட்டி என்பதை அது சொல்லுமே தவிர, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பதைச் சொல்லாது. அதுவரை அந்தப் பெட்டியில் ஓடியது சிறிதளவு விலங்குக் கொழுப்பு சேர்த்த சிலிண்டர் ஆயில். வார்ம் கியரில் பல்லின் மேல் பல் உருள்வதைவிட வழுக்குவதே அதிகம் என்பதால், உலோகத்தில் ஒட்டி நிற்கும் அந்தக் கொழுப்புக்கு அங்கே வேலை உண்டு. நான் மாற்றிக் கொடுத்ததோ கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஈ.பி. எண்ணெய், அதாவது மிகுந்த அழுத்தத்துக்கான எண்ணெய். எஃகுப் பல்லும் எஃகுப் பல்லும் பாரத்தோடு மோதும் இடத்தில் அந்தக் கந்தகம் காவலாக நிற்கும். சூடு ஏறினால் அதுவே வெண்கலத்தில் உள்ள செம்பை அரிக்கவும் கூடும். இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதல்ல. அன்றைக்கே தெரியும்.

தெரிந்தும் ஏன் சொன்னேன் என்று கேட்டால் என்னிடம் காரணம் இருக்கிறது. நான்கு வகைப் பேரல்களை இரண்டாகக் குறைத்துத் தரும்படி ஆலை முதலாளி கேட்டிருந்தார். அது கஞ்சத்தனமான கோரிக்கை என்று நான் நினைக்கவில்லை. ஹைட்ராலிக் எண்ணெயைக் கியர் பெட்டியில் ஊற்றிவிட்டு விழித்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பேரல் குறைந்தால் தவறும் குறையும். மேலும், இப்போது வரும் ஈ.பி. எண்ணெய்கள் பழையவை போல முரட்டுத்தனமானவை அல்ல. தேய்த்து மெருகேற்றிய செம்புத் தகட்டை நூறு டிகிரி எண்ணெயில் மூன்று மணி நேரம் வைத்து, நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் சோதனையில் இந்த எண்ணெய் 1பி வாங்கியிருந்தது. தகட்டில் இலேசான மங்கலுக்கு மேல் எதுவும் இல்லை என்று பொருள். ஆகவே நான் குருட்டாம்போக்கில் சொல்லவில்லை. ஆனால் தகட்டை யாரும் உரசுவதில்லை. உரசும் இடத்தில் பல்லின் மேற்பரப்பு தொட்டி எண்ணெயைவிட அதிகமாகக் கொதிக்கும். அன்று அந்தப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டு உடனே எடுத்ததும் நினைவிருக்கிறது. சித்திரை வெயிலில் எதைத் தொட்டாலும் இப்படித்தான் என்று என் கைக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஏழு மாதத்தில் சக்கரம் போனது. எண்ணெயை வடிக்கும் அடி மூடியைக் கழற்றியபோது கறுத்த எண்ணெயோடு பொன்துகள் மின்னிக்கொண்டு இறங்கியது. பல் ஒவ்வொன்றும் கத்தி முனைபோல் மெலிந்து கறுத்திருந்தது. அதோடு வேறு இரண்டும் கண்ணில் பட்டன. பெட்டியின் மூச்சுத் துளையைப் பெயிண்ட் அடித்து அடைத்திருந்தார்கள். தேய்மானம் பல்லின் ஒரு பக்கத்தில் மட்டும் அழுத்தமாக இருந்தது; வார்ம் நடுவில் அமரவில்லை என்பதற்கு அது அடையாளம். அந்தக் கறுப்பு கந்தகத்தால் வந்திருக்கலாம்; வெந்துபோன எண்ணெயாலும் வந்திருக்கலாம். ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால் ஓரளவாவது தெரிந்திருக்கும். மாதிரி எடுக்கும் புட்டி என் பையில்தான் இருந்தது. அடியில் தங்கிய கசடோடு வரும் எண்ணெய் சரியான மாதிரி ஆகாது, பெட்டி ஓடும்போதே எடுத்திருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பையை மூடினேன். சொன்ன காரணம் பொய்யல்ல. பையை மூடியது அதற்காகத்தானா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

ஃபிட்டர் என்னைக் குறை சொல்லவில்லை. சக்கரத்தைக் கையில் திருப்பிப் பார்த்துவிட்டு, “ரொம்ப வருசம் ஓடுனதுங்க, போச்சாட்டுதுங்க” என்றார். அவர் கடிந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். இப்போது நினைத்தால், அவர் கேட்டது வெண்கலத்தைப் பற்றி, நான் பதில் சொன்னது நெம்பரைப் பற்றி. “ஏனுங்கண்ணா அப்படிக் கேக்கறீங்க?” என்று திருப்பிக் கேட்டிருந்தால், வேறெங்கோ கறுத்த சக்கரம் ஒன்றைப் பார்த்த கதையை அவர் சொல்லியிருப்பாரோ என்னவோ. நான் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை.

புதுச் சக்கரம் போட்டு, வார்மை நடுவில் அமர்த்தி, மூச்சுத் துளையைத் திறந்து, பழைய சிலிண்டர் ஆயிலையே ஊற்றினோம். பெட்டி ஒழுங்காக ஓடுகிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட்டதால் எது மருந்து என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. “மறுபடி ஒரு பேரல் சேத்தி விக்கறதுக்கு வழி பண்ணிட்டீங்க போங்க” என்று முதலாளி சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இதில் என் கணக்குக்கு ஒத்துவராத ஒன்றும் உண்டு. அதே ஈ.பி. எண்ணெய், நான் சொல்லியே, வேறு இரண்டு ஆலைகளின் வார்ம் பெட்டிகளில் இன்றும் ஓடுகிறது. புகார் எதுவும் இல்லை. அவற்றைத் திறந்து பார்க்கச் சொல்லலாம். நன்றாக ஓடுகிற பெட்டியை ஏன் திறக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் சொல்வதற்கு என்னிடம் விடை இருக்கிறது. அதை அங்கே ஒருவரிடமும் நான் இன்னும் சொல்லவில்லை.